கவரைப் பீரோவில் அடுக்கிய ஆபீஸ்: ஒரு டவுன்லோட் ஃபோல்டரின் நிகழ்வு ஆய்வு

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை போட்டு நின்ற நாள். விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கிற படங்கள் வந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரோட்டில் நான் சர்வீஸ் பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன். "தம்பி, நம்ம சிஸ்டமும் போயிருச்சுங்க போல. நாளைக்கு 20ஆந்தேதி. சீக்கிரம் வாங்க."

20ஆம் தேதி என்றால் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். ஜிஎஸ்டி ஆபீஸ்களில் அந்தத் தேதியைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை.

அங்கே போனால் நீலத்திரை எதுவும் இல்லை. சி டிரைவில் சிவப்புக் கோடு. 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் கணக்கில் 238. அதில் மிச்சம் 3 ஜிபி கூட இல்லை. கணக்கு எழுதும் டாலி மென்பொருள் திறக்க ஒரு நிமிஷம், எக்செல் சேமிக்க மறுப்பு. பக்கத்திலேயே 1 டிபி ஹார்ட் டிஸ்க் டி டிரைவாக உட்கார்ந்திருந்தது, முக்கால்வாசி காலியாக.

ஆனால் இடப்பற்றாக்குறை அன்றைய பெரிய பிரச்சினை இல்லை. கணக்கு பார்க்கும் பெண் முகம் வாடி நின்றிருந்தார். முந்தைய நாள் முழுக்க ஒரு நூல் வியாபாரியின் கொள்முதல் பட்டியலை ஜிஎஸ்டிஆர்-2பியோடு (விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் பட்டியல்) ஒப்பிட்டுத் திருத்தியிருக்கிறார். காலையில் வந்து பார்த்தால் அந்த எக்செல் எங்கேயும் இல்லை. "அஞ்சாறு தடவை சேவ் பண்ணேன் சார். கண்ட்ரோல் எஸ் போட்டுக்கிட்டேதான் இருந்தேன்" என்றார். நான் நம்பினேன். சேமித்திருப்பார். எங்கே சேமித்தார் என்பதுதான் கேள்வி.

எக்செலில் சமீபத்திய ஃபைல்கள் பட்டியலைத் திறந்து, பெயர் மேல் சுட்டியை வைத்தேன். பாதை தெரிந்தது. டவுன்லோட்ஸ் இல்லை, டாக்குமெண்ட்ஸ் இல்லை, டெஸ்க்டாப்பும் இல்லை. விண்டோஸின் டெம்ப் ஃபோல்டருக்குள், 'டெம்ப்1' என்று தொடங்கி ஒரு ஜிப்பின் (பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஒற்றைப் பொட்டலம்) பெயரையே வாலாகக் கொண்ட ஒரு ஃபோல்டர். அதைப் பார்த்ததுமே கதை முழுக்கப் புரிந்துவிட்டது.

வியாபாரி பட்டியலை ஜிப்பாக அனுப்பியிருக்கிறார். இவர் அதைப் பிரிக்கவில்லை. ஜிப்பை டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் அதைச் சாதாரண ஃபோல்டர் மாதிரியே காட்டும்; அந்த வேஷம்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் எக்செலைத் திறந்தால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதன் ஒரு நகலை டெம்ப்பில் பிரித்துவைத்து, 'படிக்க மட்டும்' என்று முத்திரை குத்தி, அந்த நகலைத் திறந்து காட்டுகிறது. முதல் தடவை கண்ட்ரோல் எஸ் அழுத்தியபோது எக்செல் எச்சரித்திருக்கிறது: இது படிக்க மட்டும், வேறு பெயரில் சேமி. இவர் பெயருக்குப் பின்னால் ஒரு '1' சேர்த்து என்டர் தட்டியிருக்கிறார். சேமிக்கும் பெட்டி அந்த டெம்ப் ஃபோல்டரையேதான் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்கப்புறம் போட்ட ஒவ்வொரு கண்ட்ரோல் எஸ்ஸும் ஒழுங்காக, பிழையே இல்லாமல், அந்தத் தற்காலிகக் கிடங்கில்தான் போய் விழுந்தது.

சரி, டெம்ப்பில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாமே? எடுக்க முடியவில்லை. மாலை ஏழரை மணிக்கு அவர் கிளம்பிய பிறகு, இடம் இல்லை என்று கணினி கத்தியதும், ஆபீஸ் பையன் டெம்ப் ஃபோல்டரைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் டெலீட் போட்டிருக்கிறான். குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாத அழிப்பு.

"யாருப்பா இதைச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

"நீங்கதான் அண்ணா. போன வருஷம்."

உண்மைதான். வேகம் குறைந்தால் டெம்ப்பைக் காலி செய் என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அங்கே உயிரோடு ஒரு ஃபைல் இருக்கலாம் என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

மீட்பு மென்பொருள் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் ஆடிட்டர். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் நம்பிக்கையோடு ஓட்டியிருப்பேன். அதில் அழித்த ஃபைலின் மேல் வேறு எதுவும் எழுதப்படும் வரை தடயம் அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. ஃபைலை அழித்ததும் 'டிரிம்' என்ற கட்டளை மூலம் விண்டோஸ் அந்த இடங்களை டிரைவிடம் ஒப்படைத்துவிடும். டிரைவ் தன் பாட்டுக்குத் துடைத்துவிடும். ஓட்டினேன். பெயர் கிடைத்தது. உள்ளே வெறும் பூஜ்யங்கள்.

காப்பாற்றியது வாட்ஸ்அப். மாலை 4:10க்கு, சில பில்களைச் சரிபார்க்கச் சொல்லி, பாதி முடிந்த எக்செலை வியாபாரிக்கு அனுப்பியிருந்தார். அதிலிருந்து தொடர்ந்தார். போனது மூன்று மணி நேர வேலை. எந்தெந்த பில் ஒட்டவில்லை என்பது நினைவில் இருந்ததால் ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி முடித்தார். 3பி மறுநாள் மதியமே போய்விட்டது.

அடுத்த வாரம் வருமான வரி ரிட்டர்ன் நெருக்கடி. ஜூலை 31 தாண்டட்டும் என்று சொல்லிவிட்டு, ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை நிதானமாக உட்கார்ந்தேன்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மட்டும் 91 ஜிபி. சுமார் 14,600 ஃபைல்கள். திறந்தால் மேலே அந்தப் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். அளவு வாரியாகப் பிரித்தால்: ஜிப், ரார் ஃபைல்கள் 31 ஜிபி. அவற்றைப் பிரித்ததில் வந்த ஃபோல்டர்கள் 27. பிரிண்டர் டிரைவர், டாலி செட்டப், ஆன்டிவைரஸ் செட்டப் வகையறா 12. வீடியோக்கள் 15 (சினிமாப் பாட்டு, ஒரு கல்யாண ஆல்பம், யாருடையது என்று நான் கேட்கவில்லை). மீதி 6 ஜிபியில்தான் நிஜமான அன்றாட வேலை கிடந்தது.

31ஐயும் 27ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே சரக்கு, இரண்டு தடவை. ஜிப்பைப் பிரித்தால் ஜிப் கரைந்துவிடும் என்று அந்த ஆபீஸில் இருவர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மிக்சர் பொட்டலம் மாதிரி. ஜிப் அப்படியே இருக்கும், உள்ளிருந்ததின் நகல் வெளியே வரும். இடம் குறையாது, கூடும்.

இன்னொரு நம்பிக்கை, இடம் மிச்சமாகட்டும் என்று ஸ்கேன் செய்த பில்களை வருஷாவருஷம் ஜிப்பாக்கி வைத்திருந்தது. சோதித்துப் பார்த்தேன். 410 எம்பி ஸ்கேன் பிடிஎஃப்கள், ஜிப்பில் 402 எம்பி. ஜிப் செய்வது அடிப்படையில் ஒன்றுதான்: திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்து 'முன்னாடி வந்ததே, அதேதான்' என்று சுருக்கி எழுதுவது. ஸ்கேன் படம் ஏற்கெனவே ஜேபெக்காகச் சுருக்கப்பட்டது. அதில் பிழிய ஒன்றும் இல்லை. வீடியோவும் அப்படியே. எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலோ, தானே ஒரு ஜிப். பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே சின்னச் சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல்கள் அடுக்கியிருக்கும். நிஜமாகச் சுருங்குவது சிஎஸ்வி, ஜேசன், டெக்ஸ்ட் மாதிரியானவைதான்.

அடைப்புக்குறி எண்கள் தனிக் கதை. ஜிஎஸ்டிஆர்-2பி மாதாமாதம் 14ஆம் தேதி போர்ட்டலில் வரும். அன்றிலிருந்து 20 வரை, ஃபைல் எங்கே போனது என்று தேடுவதைவிட மறுபடி இறக்குவது எளிது என்று எல்லோரும் இறக்கிக்கொண்டே இருப்பார்கள். (1), (2), (3). ஒரு கட்சிக்காரரின் ஒரே மாதத்து 2பிக்கு (9) வரை பார்த்தேன். ஒன்பதும் ஒன்றுதானா? பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது; விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி) எடுத்து ஒப்பிட்டேன். ஏழு அச்சு அசல். இரண்டில், இறக்கிய எக்செல் மேலேயே கணக்கு பார்க்கும் பெண் குறிப்பெழுதிச் சேமித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு 'அடைப்புக்குறி எல்லாம் டெலீட்' என்று போயிருந்தால், இரண்டாவது தடவையும் அதே பெண்ணின் வேலையை அழித்திருப்பேன்.

தவிர, ஆடிட்டர் ஆபீஸில் எதையும் வெறும் குப்பை என்று தள்ளிவிட முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கும் ஆவணங்களும் ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் இருக்க வேண்டும். "ஒண்ணும் அழிச்சுப் போடாதீங்க தம்பி" என்று ஆடிட்டர் பின்னாலேயே நின்றதில் நியாயம் உண்டு.

நான் அதிகம் நேரம் செலவழித்தது திறக்காத ஜிப்களில். 40க்கு மேல் இருந்தன. 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று ஒதுக்கியவை.

பாதிக்கு மேல் முழுசாக இறங்காதவை. ஜிப்பின் அமைப்பு தெரிந்தால் இது புரியும். உள்ளே என்னென்ன ஃபைல், எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் ஜிப்பின் கடைசியில் இருக்கிறது. தொடக்கத்தில் இல்லை. 1989இல் பில் காட்ஸ் இதை வடிவமைத்தபோது செய்த ஏற்பாடு. எந்த ஜிப்பையும் நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து பி, கே என்று அவர் பெயரின் முதலெழுத்துகளாகவே இன்றும் இருக்கும். பட்டியல் வாலில் இருப்பதால், 98 சதவீதம் இறங்கி நெட் அறுந்தாலும் விண்டோஸில் ஜிப் திறக்காது. பக்கம் எல்லாம் இருக்கும், பொருளடக்கம் இருக்காது. மறுபடி இறக்குவதுதான் நிச்சயமான வழி. சில போர்ட்டல் ஃபைல்கள் இன்னும் அங்கே இருந்தன, இறக்கிக்கொண்டோம்.

கொஞ்சம் கடவுச்சொல் மறந்தவை. ஆதார் ஆஃப்லைன் இகேஒய்சி (ஆதார் அடையாளச் சான்று ஃபைல்) ஜிப்பாகத்தான் வரும், இறக்குபவர் கொடுத்த நாலெழுத்துப் பகிர்வுக் குறியீடு இல்லாமல் பிரியாது. அதைக் கட்சிக்காரர் போனில் சொன்னதோடு சரி. யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆறு ஜிப்கள் பிரிந்தன, ஆனால் ஃபைல் பெயர்கள் புரியாத எழுத்தாக வந்தன. கிரேக்க ஆல்ஃபா, இரட்டை அம்புக்குறி, தலையில் கோடு போட்ட ஓ. வைரஸ் என்று பயந்து ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அந்த ஆல்ஃபாவைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. தமிழ்தான் அது. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் இன்றைய முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. பழைய ஜிப் மென்பொருள்கள் பெயரை ஐபிஎம் பிசி காலத்து 437ஆம் எழுத்துப் பட்டியலில் படிக்கும். அந்தப் பட்டியலில் அந்த முதல் பைட்டின் இடத்தில் இருப்பது ஆல்ஃபா. ஆகவே 'க' என்ற ஒற்றை எழுத்து ஆல்ஃபா, இடப்பக்க இரட்டை அம்பு, கோடு போட்ட ஓ என்று மூன்றாக உடைந்து வரும். ஆல்ஃபாவும் ஒட்டியே இரட்டை அம்பும் மூன்றெழுத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக வந்தால், உள்ளே தமிழ் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். பெயர் யூடிஎஃப்-8 என்று அறிவிக்க ஜிப்பில் ஒரு கொடி உண்டு; 2006ஆம் ஆண்டு விதிமுறையில் வந்தது. அனுப்பியவரின் மென்பொருள் அந்தக் கொடியை ஏற்றவில்லை, அவ்வளவுதான். 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில், கட்டளை வரியில் எழுத்துப் பட்டியல் 65001 (யூடிஎஃப்-8இன் எண்) என்று சொல்லிப் பிரித்ததும் 'கொள்முதல் ஏப்ரல்', 'கூலி வவுச்சர்' என்று பெயர்கள் எழுந்து வந்தன.

இன்னும் சில 'பாதை மிக நீளம்' என்று மறுத்தவை. விண்டோஸில் ஃபைல் பாதைக்கு வழக்கமான எல்லை 260 எழுத்து. 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்தால் ஜிப்பின் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகும். உள்ளே ஏற்கெனவே அதே பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் இன்னொரு ஜிப். கட்சிக்காரரின் கம்பெனிப் பெயர் நாலு தடவை வரிசையாக வந்தால் 260 என்ன தாங்கும்? டி டிரைவில் ஓரெழுத்து ஃபோல்டர் போட்டு அங்கே பிரித்ததும் வந்துவிட்டன.

இதற்கு நேர்மாறான கூத்தும் நடந்திருந்தது. யாரோ 16ஏ (டிடிஎஸ் வரிப் பிடித்தச் சான்றிதழ்) ஜிப்பை 'எக்ஸ்ட்ராக்ட் ஹியர்' கொடுத்துவிட்டார்கள். உள்ளே ஃபோல்டர் இல்லை. 180 பிடிஎஃப்கள் டவுன்லோட்ஸ் முழுக்கச் சிதறிவிட்டன, திருவிழாவில் பிள்ளைகளைத் தொலைத்த மாதிரி. திருத்திய தேதியை வைத்து அடுக்கினால் சேராது. பிரித்த ஃபைல்கள் ஜிப்பாக்கும் முன் இருந்த பழைய தேதியையே சுமந்து வரும். 'உருவாக்கிய தேதி' நெடுவரிசையைச் சேர்த்து அதன்படி அடுக்கினேன். 180ம் ஒரே நிமிஷத்தில் வரிசையாக நின்றன.

ஜிப், ரார் ஃபைல்களைப் பிரிக்கும் வின்ராரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கணினியில் இருந்தது 5.40. 40 நாள் சோதனைக்காலம் என்று சொல்லிவிட்டு வருஷக்கணக்கில் உழைக்கும் அதே வின்ரார். நம் ஊரில் அதற்குக் காசு கொடுத்தவரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். காசு ஒரு பக்கம், அது தானாக அப்டேட் ஆகாது என்பதுதான் விஷயம். 2019 பிப்ரவரியில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதில் 19 வருஷமாகக் கிடந்த ஒரு ஓட்டையை வெளியிட்டது: ஏஸ் என்ற பழைய வடிவத்தைப் பிரிக்கும் பகுதியை ஏமாற்றி, நாம் சொன்ன இடத்தில் பிரிக்காமல், கணினி தொடங்கும்போது தானாக ஓடும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு நிரலை வைத்துவிடலாம். 2023இல் வந்தது இன்னும் நயவஞ்சகம். ஜிப்புக்குள் ஒரு படம், அதே பெயரில் ஒரு ஃபோல்டர். படத்தைத் தட்டினால் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் நிரல் ஓடும். பங்கு வர்த்தகர்களைக் குறிவைத்து ஏப்ரலிலிருந்தே பயன்படுத்தியிருக்கிறார்கள், 6.23 பதிப்பில்தான் அடைத்தார்கள். தினமும் முகம் தெரியாதவர்களிடமிருந்து ஜிப் வாங்கித் திறப்பதே தொழிலாகக் கொண்ட ஆபீஸில் 5.40 இருந்தது.

வின்ராரை எடுத்துவிட்டு 7-ஜிப் போட்டேன். கொஞ்சம் கர்வமாகவே போட்டேன். சில மாதத்தில் அதிலும் ஒன்று வெளிப்பட்டது: இணையத்திலிருந்து வந்த ஃபைலுக்கு விண்டோஸ் ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டு, ஜிப்புக்குள் ஜிப் இருந்தால் உள்ளே போகாமல் விட்டுப்போனது. 2024 நவம்பரில் வந்த 24.09இல் சரி செய்தார்கள். இதுவும் தானாக அப்டேட் ஆகாது. இப்போது ஒவ்வொரு விசிட்டிலும் முதல் வேலையாக அதன் பதிப்பு எண்ணைப் பார்க்கிறேன்.

இனி, சீர்படுத்தியது. நான் எந்த மென்பொருளும் வாங்கச் சொல்லவில்லை. அந்த ஆபீஸின் வாசல் மேசையில் ஒரு தட்டும் ஓர் இன்வர்டு ரிஜிஸ்டரும் இருக்கின்றன. கூரியரில் எது வந்தாலும் முதலில் தட்டு. கவரைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, ரிஜிஸ்டரில் ஏற்றி, சாயங்காலத்துக்குள் அந்தக் கட்சிக்காரரின் ஃபைலில் கோர்ப்பார்கள். கவர் குப்பைக்குப் போகும். முப்பது வருஷமாக ஒரு காகிதம் தொலைந்ததில்லை என்று ஆடிட்டருக்குப் பெருமை. கணினியில் மட்டும் கவரையே பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "டவுன்லோட்ஸ்தான் சார் அந்தத் தட்டு. ஜிப்தான் கவர்" என்றேன். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டவுன்லோட்ஸை அதன் பண்புகளில் உள்ள இடம் மாற்றும் வசதி வழியாக டி டிரைவுக்கு நகர்த்தினேன். டியிலேயே கட்சிக்காரருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் நிதியாண்டு, அதற்குள் மாதம். பெயர் 2024-07 என்று ஆண்டை முன்னால் வைத்து. போர்ட்டல் மாதத்தை முன்னால் போட்டுப் பெயர் வைக்கிறது, அப்படி அடுக்கினால் எல்லா வருஷத்து ஜூலையும் ஒன்றாக நிற்கும். பிரவுசரில் 'ஒவ்வொரு முறையும் எங்கே சேமிக்க என்று கேள்' என்பதை இயக்கினேன். முதல் வாரம் திட்டினார்கள். அப்புறம் (1), (2) நின்றுபோனது.

ஜிப் வந்தால்: திறக்கும் முன் 7-ஜிப்பில் 'டெஸ்ட்', பிறகு கட்சிக்காரர் ஃபோல்டருக்குப் பிரிப்பு, ஃபைல் எண்ணிக்கை சரியா என்று ஒரு பார்வை, பிறகு ஜிப் டெலீட். விதிவிலக்கு இரண்டு. டாலி பேக்கப். இன்னொன்று, நாம் அனுப்பிய ஜிப். டிடிஎஸ் ரிட்டர்ன் என்றால் எஃப்வியு ஃபைலை (சரிபார்ப்பு மென்பொருள் உருவாக்கித் தருவது) ஜிப்பாக்கித்தான் ஏற்ற வேண்டும், எது போனதோ அதுவே சாட்சி, அதை ஒப்புகைச் சீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஜிப்புக்குள்ளிருந்து எதையும் நேரடியாகத் திறக்கக் கூடாது என்பதை மட்டும் மானிட்டரின் கீழே ஒட்டினேன். ஒட்டியது அந்தப் பெண். என் கையெழுத்து புரியாதாம்.

விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸில் டவுன்லோட்ஸைத் தானாக அழிக்கும் வசதி உண்டு: 30 நாள் திறக்காதது போய்விடும். இதை வீட்டுக் கணினிக்குச் சிபாரிசு செய்வேன். இங்கே 'ஒருபோதும் வேண்டாம்' என்றே வைத்தேன். பையனுக்கும் டெம்ப்பைப் பற்றிப் புதிதாகப் பாடம் எடுத்தேன்: ஷிஃப்ட் இல்லாமல் டெலீட், அதுவும் எல்லா எக்செலும் மூடியிருக்கிறதா என்று பக்கத்து சீட்டில் கேட்டுவிட்டு.

கட்சிக்காரர்களுக்கு ஆவணங்கள் அனுப்பும்போது கடவுச்சொல் போட்ட ஜிப் கேட்டார் ஆடிட்டர். விண்டோஸின் சொந்த ஜிப் வசதியில் கடவுச்சொல் போட வழியில்லை. 7-ஜிப்பில் போடலாம், ஏஇஎஸ்-256 என்ற வலுவான பூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜிப்பின் பழைய பூட்டை 1994லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். பூட்டினாலும் ஜிப்பின் பொருளடக்கம் திறந்தேதான் கிடக்கும்: 'இன்னார் பான் கார்டு', 'இன்னார் வீட்டுக்கடன்' என்று ஃபைல் பெயர்களைக் கடவுச்சொல் இல்லாமலே படிக்கலாம். 7-ஜிப்பின் சொந்த வடிவமான 7இசட்டில் பெயர்களையும் மறைக்கலாம், ஆனால் எதிர்முனையில் திறக்கத் தெரிய வேண்டும். ஆகவே பெயரை வெறும் கோப்பு எண்ணாக வைத்து ஜிப் என்று ஏற்பாடு. கடவுச்சொல் அதே மெயிலில் போகக் கூடாது என்றேன். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நவம்பரில் போனபோது டவுன்லோட்ஸ் 1.8 ஜிபி. சி டிரைவில் 96 ஜிபி காலி. ஐந்தே முக்காலுக்கு அந்தப் பெண், இன்வர்டு ரிஜிஸ்டரை மூடிவிட்டு, அதே கையோடு டவுன்லோட்ஸைத் திறந்து அன்றைக்கு வந்த நாலைந்து ஃபைல்களை அவரவர் ஃபோல்டருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். திறக்காத ஜிப்களில் மூன்று இன்னும் திறக்கவில்லை. கடவுச்சொல் தெரிந்த கட்சிக்காரர் ஒருவர் வெளிநாடு போய்விட்டார்.

கிளம்பும்போது ஆடிட்டர் தன் சொந்த லேப்டாப்பை நீட்டினார். "இதுவும் கொஞ்சம் ஸ்லோவா இருக்குதுங்க தம்பி." டெஸ்க்டாப்பில் வால்பேப்பர் தெரியவில்லை. முருகன் படம் என்று அவர் சொல்லித்தான் தெரியும், ஜிப்கள் மறைத்திருந்தன.

"சார், தட்டு, கவர்..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் ஸ்டாஃபுக்குத் தம்பி. என்னுது எங்கிருக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க ரேம் மட்டும் போட்டுக் குடுங்க."